விசுவாசம் படித்து வருவதில்லை என்று சொன்னவர்களுக்கு

புதன்கிழமை வேதபாட வகுப்பு இனி இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றியும், அன்று சாயங்காலம் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவைப் பற்றியும் இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக விவரித்துச் சொல்லி யாரையும் சந்தியில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்றுப் புதன்கிழமை. ஏழு மணி ஆனதும் கை தானாகவே வேதாகமப் பையை எடுத்தது. செருப்பை மாட்டிய பிறகுதான், போவதற்கு வகுப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே எழுதுகிறேன்.

பதினொரு பேருக்காக ஹாலைத் திறந்து, விளக்கையும் மின்விசிறியையும் போட்டு, போதகர் ஐயரை ஒரு மணி நேரம் உட்காரவைப்பது கட்டுப்படியாகாது என்று கமிட்டி நினைத்தால், அது வரவு செலவு பார்க்கிறவர்களின் நியாயம். அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். வேதபாடம் இருந்த இடத்தில் அரைமணி நேர ஆசீர்வாத ஜெபமும், தினமும் காலையில் கைப்பேசிக்கு வாக்குத்தத்த வசனம் போட்ட ஒரு படமும் போதும் என்று முடிவு செய்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால், "கர்த்தரை நம்பினால் போதும், விசுவாசம் படித்து வருவதில்லை, வாரா வாரம் பாடம் நடத்த இது என்ன டுடோரியலா?" என்று கேட்ட குரலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தத் தம்பிக்கு இதே ஹாலில் ஓய்வுநாள் பள்ளியில் ஆதியாகமம் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது உண்மைதான். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி யார் என்பது அவருக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். யாரென்று தெரியாதவரை நம்ப முடியாது. கர்த்தரை நம்பு என்பது சரி. அவர் எப்படிப்பட்டவர், முன்பு யாரிடம் என்ன சொன்னார், சொன்னதை எப்போது, எந்த விதமாகச் செய்தார் என்று தெரியாமல் எதை நம்புவது? திருப்பூரில் இருக்கிற நமக்கு இதை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரின் தொழில் முழுவதும் நம்பிக்கையில் ஓடுகிறது. நூல் கடனுக்கு வருகிறது, துணி நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும் கைமாறிக்கொண்டே போகிறது, பணம் மாதக்கணக்கில் கழித்து வருகிறது. விசிட்டிங் கார்டை மட்டும் பார்த்து ஒரு லோடு நூலை இறக்கிவிட்டுப் போகிற வியாபாரி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். ஆள் எப்படி, போன தீபாவளிக்குக் கணக்கை முடித்தாரா, நஷ்டம் வந்த வருஷம் என்ன செய்தார் என்று பத்துப் பேரிடம் கேட்ட பிறகுதான் லாரி நகரும். நூலுக்கு இவ்வளவு விசாரிக்கிறவர்கள், உயிரையும் மரணத்தையும் ஒப்புவிக்கிற தேவனைப் பற்றி விசாரிக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதிகம் என்கிறார்கள்.

தினம் ஒரு வாக்குத்தத்தப் படம் என்பது அந்த விசிட்டிங் கார்டுதான். அதை நம்பி ஏமாந்தவள் நான் என்பதால் சொல்கிறேன்.

2011-ஆம் வருஷப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். அந்த மாதக் கடைசியில், சாயத்தண்ணீரால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது; எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. என் வீட்டுக்காரர் அதில் ஒன்றில் துணிக்குச் சாயமேற்றும் வின்ச் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் மாதம் அட்டையைப் பார்த்துத் தைரியமாக இருந்தேன். அடுத்த மாதம் திறந்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொன்னேன். மூன்றாவது மாதம் கம்மல் அடகுக்குப் போனது. ஐந்தாவது மாதம் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கர்த்தர் பொய் சொல்லிவிட்டார் என்று என் வாயால் சொன்னேன். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் புதன்கிழமை வேதபாடத்தில் எரேமியா புத்தகம்தான் வரிசையாக நடந்துகொண்டிருந்தது. வேலையில்லாத மனிதர் வீட்டில் உட்கார்ந்தே இருக்கிறாரே, ஒரு மணி நேரமாவது வெளியே வரட்டும் என்றுதான் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் போன மூன்றாவது வாரம் உபதேசியார் எடுத்தது 28-ஆம் அதிகாரம். அனனியா என்கிற தீர்க்கதரிசி, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் இரண்டு வருஷத்துக்குள் முறித்துப்போடுவார் என்று ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்று எரேமியாவுக்கு வார்த்தை உண்டாகிறது. ஐந்தாம் மாதம் பேசிய அனனியா ஏழாம் மாதம் செத்துப்போகிறான். உபதேசியார் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார்: இரண்டு பேருமே "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒருவன் பேசியது கேட்கச் சுகமாக இருந்தது, மற்றவர் பேசியது உண்மையாக இருந்தது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற வழி, இதற்கு முன்னால் கர்த்தர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பதுதான்.

அடுத்த புதன் 29-ஆம் அதிகாரம். என் அட்டையின் வசனத்துக்கு வந்தபோது எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. உபதேசியார் பதினொன்றாம் வசனத்தை வாசிப்பதற்கு முன்னால் பத்தாம் வசனத்தை வாசித்தார். எழுபது வருஷம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று சொல்லுகிற கடிதம். அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த வசனம் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் பட்டறை திறக்கும் என்று கர்த்தர் எனக்குச் சொல்லவே இல்லை. அட்டையில் பத்தாம் வசனம் அச்சாகவில்லை, அவ்வளவுதான். என்னை ஏமாற்றியது கர்த்தர் அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேர வகுப்பு நடந்திராவிட்டால் இன்று நான் எந்தச் சபையிலும் இருந்திருக்க மாட்டேன்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வகுப்புக்கு, நொய்யலில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் விவசாயம் செய்திருந்த பெரியவர் ஒருவர் வருவார். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கிணறு உப்பேறி, தென்னை பழுத்து, மாடு வாய் வைக்காத தண்ணீராகிப் போனதால் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். என் வீட்டுக்காரரின் விரல் நகங்களில் அப்போதும் கருநீலச் சாயம் போகாமல் இருந்தது. பவானி ஜமக்காளத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெரியவர் இரண்டு வாரம் அந்த நகங்களையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பட்டறைகள் மூடவேண்டும் என்று வருஷக்கணக்காக ஜெபித்தவர். நாங்கள் பட்டறைகள் திறக்கவேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். ஒரே கர்த்தரிடம், ஒரே ஜமக்காளத்தில் இருந்து.

நுகம் பற்றிய பாடத்தன்று எனக்கு விளங்கவில்லை என்று சொன்னபோது அவர்தான் வாய் திறந்தார். "அம்மிணி, மர நுகம் முறிஞ்சா ஆசாரிகிட்டப் போனா ஆச்சுங்க. இரும்பு நுகம் முறியாதுங்க, மாட்டுக் கழுத்தத்தான் முறிக்கும்" என்றார். பூட்டாங்கயிறு எங்கே வரும், மாட்டின் கழுத்தில் காய்ப்பு எங்கே ஏறும் என்று என் வீட்டுக்காரரின் தோளில் கைவைத்தே காட்டினார். வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஐயா கிணத்துல நம்ம தண்ணியும் இருந்திருக்கும்ல" என்றார். வேலை இல்லை என்று அழுதுகொண்டிருந்த மனிதர் முதல் தடவையாக இன்னொருவருடைய நஷ்டத்துக்காக அழுதார். விசுவாசத்தில் வளர்வது என்றால் எனக்குத் தெரிந்தவரை இதுதான். எந்த வாக்குத்தத்தப் படமும் இதைச் செய்யாது.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்த வேதபாடத்துக்குப் போனான் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ஒருவர் கேட்டும்விட்டார். அவனுக்கு இருந்தது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துக்குள்ளேயே தான் அனுபவிப்பது நியாயமான தண்டனை என்றும், பக்கத்தில் இருக்கிறவர் தகாதது ஒன்றும் செய்யவில்லை என்றும், அவருக்கு ஒரு ராஜ்யம் உண்டு என்றும் அறிந்து பேசினான். நமக்கு முப்பது வருஷம், நாற்பது வருஷம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவனை நம்முடைய சோம்பலுக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

படிக்காதவர்களுக்கு விசுவாசம் இல்லையா என்பது அடுத்த கேள்வி. என் மாமியாருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்று ரோமர் 10:17 சொல்கிறது. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. திருக்குறளிலும் அந்தப் பொருளில் ஓர் அதிகாரமே உண்டு. கேட்பதற்குச் சொல்கிறவர் வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். கண் மங்கிய எண்பது வயதுக்காரியின் கைப்பேசிக்குப் படத்தை அனுப்பினால் அவர் என்ன செய்வார்? படிக்காதவர்கள் பேரைச் சொல்லி நீங்கள் மூடியது படிக்காதவர்களின் வகுப்பைத்தான்.

கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏழு மணி ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேரத்தை மாற்றுங்கள், எட்டரைக்கு வையுங்கள். இதைக் கமிட்டியில் யாரும் எங்களைக் கேட்கவே இல்லை.

பாட்டையும் ஜெபத்தையும் நான் எதிர்க்கிறேன் என்று தயவுசெய்து திரித்துப் பேசாதீர்கள். நம் பக்கத்து ஈரோட்டில் ஊழியம் செய்த ஹெர்பர்ட் பாப்லி, இந்திய இசையைப் பற்றி 1921-இல் புத்தகமே எழுதியவர். பாட்டோடு வேதத்தைச் சொல்லித் தருவது இந்த மண்ணில் புதிதல்ல. பாட்டுக்காக வேதத்தை நிறுத்துவதுதான் புதிது.

வேதம் படிக்கிறவர்கள் கர்வம் பிடித்தவர்கள், எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார்கள் என்றும் அந்தக் குரல் பதிவில் இருந்தது. பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னது சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைக் கர்விகள் என்று சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால் ஒரு கமிட்டித் தீர்மானத்தைச் சரிபார்க்கக் கூடாதா? எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ஐ இந்த வருஷம் பேனரில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வசனத்தில், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் "போதிக்கப்பட்டேன்" என்று காவலில் இருந்தபடி பவுல் எழுதுகிறார். போதிக்கப்பட்டேன். அவருக்கே அது போதிக்கப்பட வேண்டியிருந்தது.

எழுத எழுத மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அந்தப் பெரியவர் போன வருஷம் தவறிப்போனார். கடைசி நாட்களில் பார்க்கப் போனபோது வேறெதுவும் கேட்கவில்லை, "புதங்கெழம எங்க நிறுத்தினீங்க" என்றுதான் கேட்டார். சொன்னேன். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த வேதாகமத்தில் அந்த இடத்தை எடுத்து வைக்கச் சொன்னார். பதினொரு பேர் என்று நீங்கள் எண்ணியபோது அவரைப் போன்றவர்களை எண்ணினீர்களா? அந்த ஹாலின் மூலையில் ஜமக்காளத்தின் ஓரம் பிரிந்திருக்குமே, ஒவ்வொரு புதனும் பாடம் கேட்டுக்கொண்டே அவர் விரலால் பிரித்த நூல்தான் அது. அதையும் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேண்டாமென்றால் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கமிட்டியில் இருக்கிற அண்ணன்மாருக்கு: வேதபாடம் ரோமர் எட்டாம் அதிகாரம் பதினேழாம் வசனத்தில் நிற்கிறது. பதினெட்டாவது வசனம் இக்காலத்துப் பாடுகளைப் பற்றியது, அந்த வாரம் கேட்கவேண்டும் என்று இரண்டு பேர் லீவு சொல்லிவைத்திருந்தார்கள். ஐயருக்கு நேரமில்லை என்றால் ஓய்வுபெற்ற உபதேசியார் வர ஒத்துக்கொண்டிருக்கிறார், நேற்றே கேட்டுவிட்டேன். புதன்கிழமை அந்த ஒரு மணி நேரத்துக்கான கரண்ட் பில்லைப் பதினொரு பேரும் பிரித்துக் கட்டிவிடுகிறோம். ஹால் சாவியை மட்டும் கொடுங்கள்.