திவானுக்கு அடியில் ஒரு தணிக்கை

(டெல்லி, ஆர்.கே.புரம். ஜனவரி மாதம், பதினொரு மணி வெயில். கோமதி பால்கனியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறாள். தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற ராஜேந்திரன், திவான் கட்டிலுக்கு அடியில் குடை தேடப் போனவர், ஐந்து பைகளோடு வந்து அவற்றை நாற்காலிமேல் அடுக்குகிறார்.)

ராஜேந்திரன்: கோமதி, இதெல்லாம் என்ன?

கோமதி: பார்த்தா தெரியலையா? ஸ்வெட்டர்.

ராஜேந்திரன்: ஸ்வெட்டர்னா உடம்பு, கழுத்து, ரெண்டு கை இருக்கணும். இதுல கை ஒண்ணுதான் இருக்கு.

கோமதி: மாப்பிள்ளைக்குப் பின்னினது. முதல் கை ஆசையில முடிஞ்சிடும். அதே 130 வரிசையை ரெண்டாவது கைக்கும் எண்ணணும்னா கை ஓடாது. அதான் இப்பல்லாம் ரெண்டு கையையும் ஒரே ஊசியில ஏத்திடறேன். ஆளுக்கொரு நூல் உருண்டை. கண்ணியை, அதான் நூல் வளையத்தை, கூட்டறது குறைக்கிறது எல்லாம் ஒரே வரிசையில விழும், நீளமும் ஏறி இறங்காது.

ராஜேந்திரன்: அப்போ இது?

கோமதி: அந்தப் புத்தி வர்றதுக்கு முன்னாடி போட்டது.

ராஜேந்திரன்: மாப்பிள்ளை சென்னையில இருக்கார்.

கோமதி: ஆபீஸ்ல ஏசி இருக்குல்ல?

ராஜேந்திரன்: (இரண்டாவது பை) இதுல ஊசியே காணோம். பச்சை ஸ்வெட்டருக்குள்ள சிவப்பு நூல் கோத்திருக்கு.

கோமதி: எட்டாம் நம்பர் ஊசி நம்மகிட்ட ஒரு ஜோடிதான். பக்கத்து வீட்டுப் பாப்பா தொப்பிக்கு வேணும்னு உருவினேன். கண்ணி நழுவாம இருக்க வேற நூல்ல கோத்து வெச்சிருக்கு.

ராஜேந்திரன்: ஒரு திட்டத்துக்கு ஒதுக்கினதை எடுத்து இன்னொரு திட்டத்துல போடறது. இதுக்குத்தான் நாங்க ஆடிட் பாரா எழுதுவோம்.

கோமதி: எழுதுங்க. அப்படியே ஊசி எத்தனாம் நம்பர்னும் ஒரு சீட்டு எழுதிப் பையில போடுங்க. சீட்டு இல்லாம போன தடவை பத்தாம் நம்பர்ல தொடர்ந்துட்டேன்.

ராஜேந்திரன்: ரெண்டு கூடுதல்தானே, தாராளமா வந்திருக்குமே?

கோமதி: ஊசியில நம்பர் கூடக் கூட மெலிசு. எட்டுன்னா 4 மில்லிமீட்டர், பத்துன்னா மூணேகால். கீழே தொளதொளன்னு, மேல இறுக்கிப் பிடிச்சு, பூசணிக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி ஆயிடுச்சு.

ராஜேந்திரன்: (மூன்றாவது பை) பரவாயில்ல, மருமகளோட முன்னால திறக்கிற ஸ்வெட்டருக்கு முன்பக்கம் ரெண்டும் தயார்.

கோமதி: ரெண்டும் இடது.

ராஜேந்திரன்: ஒண்ணைத் திருப்பிப் போட்டா வலது!

கோமதி: திருப்பினா உல்டா பக்கம், அதான் உள்பக்கம், வெளியே வரும். சீதா, அதான் வெளிப்பக்கம், வழவழன்னு இருக்கும், உல்டா பக்கம் மேடு மேடா இருக்கும். தடவிப் பாருங்க. அக்குள் வளைவை இந்தப் பக்கம் குறைச்சிருக்கணும், சீரியல் பார்த்துக்கிட்டே அந்தப் பக்கமே குறைச்சுட்டேன்.

ராஜேந்திரன்: (நான்காவது பை) அடடே, இது முழுசா முடிஞ்சிருக்கே!

கோமதி: போன வருஷம் நொய்டாவுல பேரனுக்குப் போட்டுப் பார்த்தோமே. தலை உள்ளே போகாம அலறினானே.

ராஜேந்திரன்: விளையாடறான்னு நினைச்சேன்.

கோமதி: கழுத்தை மூடும்போது இறுக்கிட்டேன். கடைசி வரிசைக்கு மட்டும் ரெண்டு சைஸ் பருத்த ஊசி எடுத்திருக்கணும். அந்த ஒரு வரிசையைப் பிரிச்சுத் தளர்வா மூடினா சரி. அரை மணி நேர வேலை.

ராஜேந்திரன்: அப்புறம் ஏன் ஒரு வருஷமா கிடக்கு?

கோமதி: அரை மணி நேர வேலைதானேன்னுதான். இப்போ அவன் வளர்ந்துட்டான், புதுசுதான் போடணும்.

ராஜேந்திரன்: (ஐந்தாவது பை. குரல் இறங்குகிறது) இந்தச் சாம்பல் கலர்... எனக்கா?

கோமதி: நீங்க ரிட்டயர் ஆன வருஷம் ஆரம்பிச்சது. 600 கிராம் வேணும்னு சொன்னேன். மிச்சமாயிடும், 400 போதும்னீங்க. மீதிக்குக் கரோல் பாக் போனா அந்த லாட் தீர்ந்துபோச்சு.

ராஜேந்திரன்: சாம்பல்ல என்ன லாட்?

கோமதி: ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் ஒரு பொட்டு மாறும். வீட்டு லைட்ல தெரியாது. வெயில்ல போனா நெஞ்சுக்குக் குறுக்கே கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு வரிசை பழசு, ரெண்டு வரிசை புதுசுன்னு மாத்தி மாத்திப் போட்டா மறைஞ்சிடும். அதுக்குப் பழசுல கொஞ்சம் கையில இருக்கணும். நான் கடைசி இழை வரைக்கும் போட்டுட்டுல்ல கடைக்குப் போனேன்!

ராஜேந்திரன்: கோடு இருந்தா இருக்கட்டும். முடிச்சுக் கொடு.

கோமதி: (டேப்பால் அளக்கிறாள்) அப்போ மார்பு 38 இஞ்சு. இப்போ 42. இஞ்சுக்கு ஐந்தரை கண்ணி. கணக்கு உங்க வேலை.

ராஜேந்திரன்: (மெதுவாக) 22 கண்ணி பற்றாக்குறை.

கோமதி: பற்றாக்குறை இல்லங்க, உங்க பக்கம் அதிகச் செலவு. சரி, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. ஒரு முழம் இடைவெளி விட்டு.

ராஜேந்திரன்: கைக்கும் அளவா?

கோமதி: (சாம்பல் ஸ்வெட்டரின் நூல் நுனியை இழுத்து அவர் கைகளில் சுற்றத் தொடங்குகிறாள்) பேரனுக்கு 200 கிராம் தாராளம். பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டுதான் இருக்கும். லச்சியா, பெரிய வளையமாச் சுத்தி, நாலு இடத்துல தளர்வாக் கட்டி, வெதுவெதுன்னு தண்ணியில ஊறவெச்சுத் தொங்கவிட்டா நேராயிடும். அப்படியே போட்டா கண்ணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வரும். கையை இறக்காதீங்க.

ராஜேந்திரன்: என் ஸ்வெட்டரை என் கையிலேயே பிரிக்கிறியா? இதையெல்லாம் நாற்காலி முதுகுல சுத்தக் கூடாதா?

கோமதி: சுத்தலாமே. நாற்காலி மேல நாலு பையை அடுக்கினது யாரு?