கெய்ரோஸ் இருந்தபோது, இல்லாதபோது

ஒரு கால்பந்து அணி கோல் வாங்குவது குறைந்தால் போதும், "புது அசிஸ்டென்ட் கோச் வந்தாரே, அவர் கைவண்ணம்தான்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். கூடிவிட்டால் "முதலில் அந்த ஆளைத் துரத்துங்கள்". இரண்டுக்கும் நாம் காட்டுகிற சாட்சி ஒன்றுதான்: சீசனில் வாங்கிய மொத்த கோல். அந்த எண்ணை வைத்துத் துணைப் பயிற்சியாளரை எடை போட முடியாது என்பது என் கட்சி. இதைப் பேச இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டில் தலைமைப் பயிற்சியாளர் ஃபெர்குசனுக்குத் துணையாக இருந்த கார்லோஸ் கெய்ரோஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மனிதர் வந்தார், போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி ஏது?

எண்களையே முதலில் பார்ப்போம். அவர் சேர்ந்த 2002-03 சீசனில் யுனைடெட் லீக்கில் வாங்கியது 34 கோல். 2003 கோடையில் ரியல் மாட்ரிட் கூப்பிட, தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவர் இல்லாத 2003-04-இல் 35. 2004-இல் திரும்பினார், 26 ஆனது. அதற்கடுத்த சீசன் மறுபடியும் 34. பிறகு 27, அப்புறம் 22. 2008 கோடையில் போர்ச்சுகல் தேசிய அணிக்குக் கிளம்பினார். அவர் போன பிறகான 2008-09-இல் 24.

34-க்கும் 35-க்கும் ஒரு கோல்தான் வித்தியாசம், ஆகவே அவர் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் போகாததற்காக ரியோ ஃபெர்டினான்ட் எட்டு மாதம் தடை வாங்கி உட்கார்ந்தது 2004 ஜனவரியில்தான். முக்கியமான சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், பாதி சீசன் இல்லை. அப்படியானால் 35-க்குக் காரணம் ஃபெர்டினான்ட் இல்லாததா, கெய்ரோஸ் இல்லாததா? அதேபோல 34-லிருந்து 22-க்கு இறங்கியதைக் காட்டிக் கெய்ரோஸைக் கொண்டாடலாம். ஆனால் இடையில் 2006 ஜனவரியில் தடுப்பாட்டக்காரர்கள் விடிச்சும் எவ்ராவும் வந்து செட் ஆனார்கள், அதே ஆண்டு கோடையில் மிட்ஃபீல்டர் கேரிக் வந்தார். கோல் கம்பத்துக்கு நடுவில் 2005-லிருந்தே வான் டெர் சார் நின்றுகொண்டிருந்தார். இந்த நான்கு பேரை வைத்துக்கொண்டு யார் கோச்சாக இருந்தாலும் கோல் குறையும் என்று ஒருவர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

2008-09 இன்னும் குழப்பம். கெய்ரோஸ் போன பிறகுதான் வான் டெர் சார் லீக்கில் 1,311 நிமிடங்கள் கோலே வாங்காமல் சாதனை படைத்தார். "பார்த்தாயா, அவர் தேவையே இல்லை" என்று ஒரு கோஷ்டி. "அவர் பழக்கிவிட்டுப் போனதன் பலன்" என்று இன்னொரு கோஷ்டி. ஒரே எண்ணை வைத்து இரண்டு பேரும் நேர் எதிராகப் பேச முடிகிறது என்றால் அந்த எண்ணில் சரக்கு இல்லை.

சரி, வேறு எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது, வழக்கமான ஆள் இல்லாத நாளில் அணியின் வடிவம் குலைகிறதா என்பதைத்தான். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2008 அரையிறுதியில் எதிரே பார்சிலோனா, மெஸ்ஸி. இரண்டு ஆட்டத்திலும் விடிச் இல்லை. வெஸ் பிரவுன் நடுவில் ஃபெர்டினான்டோடு நின்றார். மிட்ஃபீல்டரான ஹார்க்ரீவ்ஸ் வலது பேக். அந்த ஆட்டத்துக்கு முன் கெய்ரோஸ் பயிற்சி மைதானத்தில் உடற்பயிற்சிப் பாய்களை விரித்து, தடுப்பாட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தைக் கிட்டத்தட்ட கஜக் கணக்கில் குறித்துவைத்தார் என்று யுனைடெட் ஆட்டக்காரர் கேரி நெவில் பின்னாளில் சொன்னார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தபடியேகூட ஒத்திகை பார்த்தார்களாம். கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள், பாய்க்குப் பாய் நடக்கிறார்கள்! பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் 0-0. யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் ஸ்கோல்ஸின் ஒரே கோலில் 1-0. ஆக 180 நிமிடம், மாற்று ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரு கோலும் வாங்கவில்லை. துணைப் பயிற்சியாளரின் கைரேகை தெரியும் இடம் இது. பின்னால் நின்று ஆடுவது என்ற முடிவுக்கு ஃபெர்குசன் தலையாட்டியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அடி விழுந்திருந்தால் தலைப்புச் செய்தியில் அவர் பெயர்தான் வந்திருக்கும்.

இன்னொன்று, ஆள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தக் குணமும் கூடப் போகிறதா என்று பார்ப்பேன். 2010 உலகக் கோப்பையில் கெய்ரோஸின் போர்ச்சுகல் நான்கு ஆட்டத்தில் வாங்கியது ஒரே கோல், அதுவும் ஸ்பெயினிடம். பிறகு ஈரான். 2018 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்தில் பத்து ஆட்டம். முதல் ஒன்பதில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கடைசியில் சிரியாவோடு 2-2. ஃபெர்டினான்டும் வான் டெர் சாரும் இல்லாத அணி அது. 2014-இல் அர்ஜென்டினாவையும் 90 நிமிடம் கட்டிப்போட்டு, அதன் மேல் நடுவர் சேர்த்த நிமிடங்களில் மெஸ்ஸி அடித்த கோலில் தோற்றார்கள். எனக்கு இவைதான் அந்த 22 கோல் கணக்கைவிடப் பெரிய சாட்சி. எதிர்ச் சாட்சியும் உண்டு: 2003-04-இல் ரியல் மாட்ரிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்துக்கு இறங்கியது. தடுப்புக்கு அரணாக நின்ற மிட்ஃபீல்டர் மேக்கலேலேவை விற்றுவிட்டு அவர் கையில் கொடுத்த அணி அது, அதையும் சொல்ல வேண்டும்.

தடுப்பாட்டத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டுவதிலும் ஒரு சிக்கல். 2005-06 சாம்பியன்ஸ் லீக் குழுச்சுற்றில் யுனைடெட் ஆறு ஆட்டத்தில் வாங்கியது நான்கே கோல். நல்ல கணக்குதான். அடித்தது மூன்று. குழுவில் கடைசி இடம், வெளியே. இந்த மந்தமான ஆட்டத்துக்கு அப்போது கெய்ரோஸைத் திட்டாத யுனைடெட் ரசிகர் குறைவு. திட்டியதில் நியாயமும் இருந்தது என்பேன். பின்னால் கதவைச் சாத்துகிறேன் என்று முன்னாலும் சாத்திவிட்டால் என்ன பயன்?

கடைசியாக ரோம், 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. அதே பார்சிலோனா. கெய்ரோஸ் இல்லை. 2008-இல் விடிச் இல்லாமல் 180 நிமிடம் தாங்கிய அணி, விடிச் இருந்தும் பத்தாவது நிமிடத்தில் எட்டோவிடம் கோல் வாங்கியது. பிறகு மெஸ்ஸி தலையால் முட்டி 2-0. "கெய்ரோஸ் இருந்திருந்தால்" என்று யுனைடெட் நண்பர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். அன்று யுனைடெட் மிட்ஃபீல்டர் ஃபிளெட்சர் தடையில், ஹார்க்ரீவ்ஸ் காயத்தில். முந்தைய வருடம் பெரும்பாலும் வலது ஓரத்திலிருந்து வந்த மெஸ்ஸி அன்று நடுவில் ஆடினார். அதற்கும் கெய்ரோஸிடம் ஒரு பாய் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் நான் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்ட மாட்டேன்.