விற்கவென்று வாங்கிய நாற்பத்தொன்று

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி பைக்கிலேயே திருத்துறைப்பூண்டி வரை வந்து என் கடையில் இறங்கினார். மோட்டார் காயில் கட்ட வரவில்லை. பேரிங் டப்பாக்களுக்கு மேல் தட்டில் வரிசையாக நிற்கிற ஜி.ஐ.ஜோ பொம்மைகளைப் பார்க்க வந்தவர். அரை மணி நேரம் நின்றார். ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து எதிலோ தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அண்ணே, இதெல்லாம் மொத்தமா எவ்வளவு தேறும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டு, ஒரு தொகையையும் அவரே சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத முடியாது. வீட்டில் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.

தெரியும் தம்பி. தெரிந்ததால் வந்த வினையைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

1992. சம்பா நெல் போட்ட காசோடு அப்பா தஞ்சாவூர் போனபோது என்னையும் கூட்டிப்போனார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. வாளி, குடம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றுக்கும் நடுவில் கொக்கியில் ஓர் அட்டை தொங்கியது. அதில் முகமூடி போட்ட ஜி.ஐ.ஜோ ஆள் ஒருவன். ஸ்நேக் ஐஸ் என்பது அவன் பெயர் என்று பின்னாளில்தான் தெரியும். எங்கள் தெருவில் அவன் 'முகமூடி', அவ்வளவுதான். நண்டு வளைக்குள் இறங்கியிருக்கிறான், வாய்க்காலில் வாழைமட்டைப் படகில் போயிருக்கிறான். தடித்த துப்பாக்கியைக் கையில் திணித்ததில் வலது கட்டைவிரல் அந்த வருஷமே உடைந்தது. இந்த வகைப் பொம்மைகளுக்குக் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

ஜி.ஐ.ஜோ பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1964இல் அவனை ஓரடி உயரப் பட்டாளத்தானாக ஆரம்பித்தது. 1982இல் ஆள் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கினான். இங்கே 1987இல் எம்.ஆர்.எஃப். அந்தக் கம்பெனியோடு கைகோத்து ஆரம்பித்த ஃபன்ஸ்கூல் அதே பொம்மையை அச்சில் வார்த்து விற்றது. அமெரிக்காவில் 1994இல் அந்த வரிசையை நிறுத்திய பிறகும் நம் ஊர்க் கடைகளில் அவன் தொங்கிக்கொண்டுதான் இருந்தான். அங்கே ஒரு நிறத்தில் வந்தவன் இங்கே வேறு நிறத்தில் வருவான். நமக்கு அது தெரியாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த மாற்று நிறம்தான் தேன்.

எனக்கு இதில் தொழில் சம்பந்தமான பிடிப்பு ஒன்றும் உண்டு. இவன் இடுப்புக்குள்ளே சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. மேலுடம்பையும் காலையும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது அதுதான். முதுகில் ஒரு திருகாணி. வருஷம் போகப் போக ரப்பர் காய்ந்து, இற்று, ஒரு நாள் அறுந்துவிடும். ஆள் இரண்டாகக் கழன்று விழுவான். பம்பு செட்டுக்கு வருகிற ஓ-ரிங்கில் ஓர் அளவு இவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு, கருகின பத்து குதிரைசக்தி மோட்டாரை ஓடவிட்டால் வருகிற சந்தோஷம் வந்தது எனக்கு.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அட்டை பிரிக்காத பழைய பொம்மைக்குத்தான் சந்தையில் உச்ச விலை. உள்ளே வளையம் இற்றிருக்கலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், பிரித்தால் விலை போய்விடும். ஆகவே வாங்குகிறவர், விற்கிறவர், அவரிடமிருந்து அடுத்து வாங்கப்போகிறவர் என்று யாருமே பார்க்கப்போவதில்லை.

2016இல் நானும் அந்தச் சந்தைக்குள் போனேன். மன்னார்குடியில் ஒரு பழைய பேன்சி ஸ்டோர்; வயசான ஒருவர் நடத்திவந்தார். மோட்டார் வேலையாகப் போனவன், பரணில் ஏறி ஸ்விட்ச் போர்டைப் பார்த்தபோது ஒரு அட்டைப்பெட்டியைக் கண்டேன். உள்ளே நாற்பத்தொரு ஜி.ஐ.ஜோ. ஒன்றுகூடப் பிரிக்காதது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கி வந்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அட்டையில் அச்சடித்திருந்த பழைய விலையே போதும் என்றார் பெரியவர். "எல்லாத்தையுமா எடுக்குறீங்க? வீட்ல எத்தனை புள்ளைங்க?" என்று சிரித்தார். "விசேஷம் ஒண்ணு வருதுங்க, வர்ற பசங்களுக்குக் குடுக்க" என்றேன். பொய். வாங்கும்போதே மனசுக்குள் விலைப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு வருஷம் எப்படிப் போனது என்பதைச் சொன்னால்தான் இந்தப் பதிவுக்கு அர்த்தம். அந்தப் பெட்டியை ஒரு நாளும் நான் ரசித்ததில்லை. கட்டிலுக்கடியில் வைத்தால் கரையான், பரணில் வைத்தால் ஒழுகல். ராத்திரி படுக்கும்முன் விலை ஏறியதா என்று பார்ப்பது. பதினேழை விற்றேன். நல்ல லாபம்தான், மறைக்கவில்லை. ஆனால் எவன் எவன் போனான் என்று கேட்டால் எனக்கு முகம் நினைவில்லை. பார்சல் எடை நினைவிருக்கிறது. கூரியர் செலவும், குமிழித்தாளும், 'அட்டை மூலையில் மடிப்பு இருக்கிறது' என்று திருப்பி அனுப்பியவரோடு போட்ட சண்டையும் நினைவிருக்கின்றன. என்னுடைய பழைய பொம்மைகளைக்கூட அந்தக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். முகமூடியின் உடைந்த கட்டைவிரலைப் பார்த்து, 'சே, இது மட்டும் முழுசா இருந்திருந்தா' என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். பத்து வயசில் நானே உடைத்த விரல்! அந்த விரலுக்கா விலை போட்டேன் என்று எனக்கே கூசியது.

மிச்சம் இருபத்துநாலு, விலை ஏறட்டும் என்று காத்திருந்தன. 2018 நவம்பர் 16, விடியுமுன்னே கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டு ஓடு பறந்தது, கொல்லையில் பதினோரு தென்னை சாய்ந்தது, பெட்டி விடிய விடிய நனைந்தது. காலையில் திறந்தால் அட்டையெல்லாம் ஊறி உப்பி, படம் கரைந்து, பசை விட்டுக் கழன்று கிடக்கிறது. சந்தைக் கணக்கில் பெட்டி மொத்தமும் ஒரே ராத்திரியில் பூஜ்யம். ஆனால் பிளாஸ்டிக்குக்கு மழை என்ன செய்யும்? துடைத்து, சாய்ந்த தென்னை மேலேயே வெயிலில் வரிசையாகக் காயவைத்தேன்.

பாதிக்கு மேல் வளையம் இற்றிருந்தது. கரண்டு இல்லாமல் கடையை மூடிக்கிடந்த அந்த நாட்களில் வேறு வேலை? உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றி ஓ-ரிங் மாற்றினேன். பள்ளிக்கூடம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தெருப்பிள்ளைகள் சாய்ந்த மரங்களுக்கு நடுவில் அவற்றை வைத்துப் போர் நடத்தினார்கள். திரும்பி வந்தவை ஒன்பது. மீதியை நான் கேட்கவில்லை.

நான் விற்பனைக்கே எதிரி இல்லை. கஜாவுக்குப் பிறகு கூரை போடப் பணம் தேவைப்பட்டது. என் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஐந்து பொம்மைகளை விற்றேன். எட்டு, பத்து வருஷம் கூட இருந்தவை. வருத்தம் இருந்தது, ஆனால் அழுக்கு இல்லை. அந்த ஐந்தும் இன்றைக்கும் முகம் முகமாக நினைவிருக்கின்றன. வைத்திருந்து ரசித்ததை, தேவை வரும்போது விற்கிறோம், நகையை விற்பதில்லையா? விற்பதற்கென்றே வாங்குவதுதான் ஆளை மாற்றிவிடுகிறது. எனக்கு அதுதான் நடந்தது.

அதிலும் பழசைத் தோண்டி எடுத்து விற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காயலான் கடையில் உருகிப்போகவேண்டியதை ஒருவர் தேடிப்பிடித்து, துடைத்து, வேண்டியவர் கையில் சேர்க்கிறார் என்றால் அலைந்ததற்குக் கூலி வாங்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள் இல்லையென்றால் எத்தனை பித்தளையும் மரமும் அடுப்புக்கும் உலைக்கும் போயிருக்கும்! என் கோபம் புதுச் சரக்கை மடக்குகிறவர்கள் மேல். கடைக்கு ஹாட்வீல்ஸ் குட்டிக்கார் பெட்டி வருகிற நாளை விற்பனைப் பையனிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஷட்டர் தூக்கும்போதே நின்று, அரிதாக வருகிற 'ட்ரெஷர் ஹண்ட்' வண்டியை மட்டும் பொறுக்கிப் போவது. இந்த வண்டிகளை 1995இலேயே கம்பெனி ஆரம்பித்துவிட்டது. ரப்பர் டயரும் மினுக்குப் பெயின்ட்டும் உள்ள 'சூப்பர்' ரகத்துக்குத்தான் அடிதடி. போகட்டும், ஒன்று எடுத்தால் பரவாயில்லை. கொக்கியை மொத்தமாக வழித்துக்கொண்டு போய், அன்று ராத்திரியே மூன்று மடங்குக்குப் போடுகிறார்கள். கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம். இவர்கள் விற்றால் 'பொழுதுபோக்கு'.

வெளிநாட்டுப் பொம்மை இங்கே அரிதானதற்கு வேறு காரணமும் உண்டு. 2020இல் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரத்து குறைந்த இடத்தில் மடக்குகிறவனுக்குக் கொண்டாட்டம்.

அந்தக் கும்பகோணத்துத் தம்பி லபூபு என்ற சீனக் கம்பெனிப் பொம்மை பற்றியும் சொன்னார். 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் நாலடிக்கு மேல் உயரமான ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனதே என்று. உண்மைதான். அதே மாதம் கம்பெனி சரக்கை அள்ளி இறக்கியதும் மறுவிற்பனை விலை சரிந்ததே, அதை அவர் சொல்லவில்லை. இது புதுக் கதையும் இல்லை. 1990களில் அமெரிக்காவில் பீனி பேபீஸ் என்று ஒரு துணிப்பொம்மை. பிள்ளைகள் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார்கள். 1999இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில், விவாகரத்தான ஒரு தம்பதி தரையில் குந்தியபடி அந்தப் பொம்மைகளை ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொள்ளும் புகைப்படம் இருக்கிறது. தேடிப் பாருங்கள், பாவமாக இருக்கும். கொஞ்ச நாளில் அதன் விலையும் விழுந்தது. 2023இல் ஃபன்கோ கம்பெனி, மூன்று கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பொம்மைகளைக் கிடங்கில் வைக்க இடமில்லாமல் குப்பையில் கொட்டப்போவதாகச் சொன்னது.

இதையெல்லாம் யோசிக்கும்போது அம்மாவின் கொலுதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் இதைவிடப் பழைய சேகரிப்பு ஏது? வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது கணக்கு. செட்டியார் தம்பதி, புன்னைநல்லூர் மாரியம்மன் கோவில் கடையில் வாங்கிய தலையாட்டி, பாட்டியின் செம்மர மரப்பாச்சி ஜோடி. மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் தூங்கும். ஒருமுறை பழம்பொருள் வாங்குகிற ஆள் ஒருவர் தெருத்தெருவாக வந்தார். மரப்பாச்சிக்கு நல்ல விலை சொன்னார். அம்மாவுக்குப் பணம் பிடிக்காது என்றில்லை. பழைய பித்தளை அண்டாவை எடை போட்டு, நூறு ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசி அவரிடமே கொடுத்தார். மரப்பாச்சிக்கு மட்டும், "படியில நிக்கிறவங்கள எப்படிங்க விக்கிறது?" என்றார்.

மன்னார்குடிப் பெரியவர் கதை பாக்கி இருக்கிறது. கஜா கழிந்து நாலைந்து மாதம் சென்று போய்ப் பார்த்தேன். விசேஷம் எதுவும் இல்லை என்பதையும், என்ன விலைக்கு விற்றேன் என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அட, எலி கடிக்காம இருபது வருஷம் பாத்துக்கிட்டேனே, அதுக்கு வாடகை குடுத்துட்டுப் போங்க" என்றார். விற்ற லாபத்தில் பாதியை எண்ணி வைத்தேன். அவரும் ஒருமுறை எண்ணிவிட்டு, "பரண்ல இன்னும் ஏதாச்சும் கெடந்தா சொல்றேன் தம்பி" என்றார்.

கும்பகோணத்துத் தம்பியிடம் இத்தனையையும் சொல்லவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தயங்கித் தயங்கி வாங்கி இடுப்பைத் திருப்பினார். டப்பென்று வளையம் அறுந்து, கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். தம்பி முகம் வெளுத்துவிட்டது. அவர் கையில் இருந்தது அவரே சொன்ன பட்டியலில் மேலே நின்றவன். திருகாணி கழற்றிப் புது ஓ-ரிங் போட்டு மாட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்ததை அவரே எடுத்து, "இதுக்கும் மாத்தலாமாண்ணே?" என்றார். மதியச் சாப்பாட்டை மறந்து ஏழு பேருக்கு மாற்றினார்.

போகும்போது ஓ-ரிங் ஒரு பாக்கெட் கேட்டார். கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கிக்கொண்டேன், அது கடைச் சரக்கு.