போலீஸைக் கூப்பிட்டால் விசா போய்விடுமா?

"ஆஸ்திரேலியாவில் கணவர் மூலம் விசாவுக்கு விண்ணப்பித்தவள் போலீஸைக் கூப்பிட்டால், பிள்ளையோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. அடிக்கிற ஆட்கள் வீட்டுக்குள் சொல்லி மிரட்டுவதும் இதைத்தான்.

துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்தவர், உறவு முறிந்தாலும், குடும்ப வன்முறை விதிகளின் கீழ் நிரந்தர விசா கேட்க முடியும். அடிபட்டது தாயல்ல, அவரைச் சார்ந்த பிள்ளைதான் என்றாலும் இந்த வழி உண்டு. நீதிமன்ற உத்தரவு கையில் இல்லாவிட்டால் மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றோர் தரும் சான்றுகளைக் காட்டலாம். மாணவர் விசாவுக்கு இது பொருந்தாது என்பது உண்மை. அவர்கள் இலவச சட்ட உதவி மையத்தில் விசாரிக்க வேண்டும்.

அடுத்து, "பிள்ளைக்குத்தான் இங்கிலீஷ் வருமே, அதுவே போலீஸிடம் சொல்லட்டும்" என்கிறீர்கள். அப்பா பக்கத்து சோபாவில் முறைத்துக்கொண்டிருக்க, எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கழுத்துக் காயத்தை விவரிக்க வேண்டுமா? 131 450 என்ற எண்ணில் 24 மணி நேரமும் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு, தமிழும் கிடைக்கும். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். கோயிலில் பார்க்கிற முகமாக இருந்துவிடுமோ என்று தயக்கமா, வேறு மாநிலத்தவரைக் கேட்டுப் பாருங்கள். அவசரமென்றால் முதலில் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.