சுண்ணாம்புக்கும் டிசெம்பர் 31க்கும் ஒத்துவராது

பழைய கட்டடங்களில் வேலை செய்கிற ஆள் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "மன்னாரில அரிப்பு ஊரில இருக்கிற அந்த அல்லிராணி மாளிகையைக் காப்பாற்ற ஏலாதோ?"

ஏலாது. கோபிக்கிறவர்கள் கோபியுங்கோ. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த வீடு அது. நிற்பது கடலோர மண்மேட்டின் விளிம்பில். கச்சான் காற்றுக் காலத்து அலை அடிமண்ணை அறுத்துக்கொண்டே போகிறது. கடல் உயர உயர அந்த அலை இன்னும் மேலே எட்டும். மிஞ்சி நிற்கிற சுவரையும் தூணையும் அங்குலம் விடாமல் அளந்து வரைந்து வைக்கலாம், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாமல் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து "ஐயோ வரலாறு" என்று பதிவு போடுவதில் என்ன பிரயோசனம்?

என்னுடைய கவலை வேறு. காப்பாற்றக்கூடியதையும் நாங்களே கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் மழையைக் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரத்துக்கு வழியில்லை. கடற்கரைப் பக்கம் ஈரத்தோடு உப்பும் போகும். கோடையில் அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டிபட்டு, கல்லைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். வெளியே பூச்சு வடிவாக நிற்கும், தட்டிப் பார்த்தால் உள்ளே கல் மாவாகியிருக்கும்.

இது முந்தியும் நடந்ததுதான். இப்போது வேகம் கூடிவிட்டது. காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளம், 2020இல் புரெவிப் புயல், 2025 நவம்பரில் டித்வா புயல். சுவர் ஊறுவதும் கூடிவிட்டது, காய்வதும் கூடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் உப்பு தன் வேலையைப் பார்க்கிறது.

தெரிந்தும் ஏன் சீமெந்து? மேசன்மாரைக் குறை சொல்லாதேங்கோ. அரச நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு, கேள்விப்பத்திரம், ஒப்புதல் எல்லாம் தாண்டி வேலை இறங்கும்போது பல இடங்களில் ஐப்பசி ஆகிவிடும். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையும் இறுகக் காத்திருக்க வேண்டும். அடைமழையில் அது கரையும். சித்திரை வெயிலில் அவசரப்பட்டுக் காய்ந்து வெடிக்கும். மாரி ஓய்ந்து வெயில் ஏறுமுன் கிடைக்கிற கொஞ்ச நாள்தான் தோது. அந்த நாட்களில் கையில் காசில்லை, காசு வந்தால் மழை. சீமெந்தென்றால் ஒரே இரவில் இறுகும், பில்லும் போடலாம். என்னோடு வேலை செய்த வயதான மேசன் ஒருவர் சொல்லுவார், "தம்பி, சுண்ணாம்பு வேலையெண்டால் மாசியில கூப்பிடு. கார்த்திகையில கூப்பிட்டால் நானும் சீமெந்துதான் குழைப்பன்."

மழையின் கணக்கு மாறிவிட்டது. காசின் கணக்கை மாற்ற ஒருவருக்கும் மனமில்லை. இடிந்த பிறகு கோடிக்கணக்கில் வருகிற திட்டத்தைவிட, வருடாவருடம் தையிலேயே கைக்கு வருகிற சின்னத் தொகைதான் ஒரு கட்டடத்தை நிற்க வைக்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத்தான் தானாகவே பழைய சின்னமாகக் கொள்கிறது. அது கண்டி கைமாறிய நாள், வன்னிக்கும் அதே கோடுதான். எங்கள் பழைய பள்ளிக்கூடங்கள், வாடிவீடுகள், குளத்துத் துருசுகள் பெரும்பாலும் பிந்தியவை. வர்த்தமானியில் அறிவித்தால்தான் அவற்றுக்குக் காவல். ஆனால் அறிவிக்கச் சொல்லிக் கேட்கவே சனம் பயப்படுகிறது, தொல்பொருள் பலகை நட்டால் காணி போய்விடும் என்று. முல்லைத்தீவில் குருந்தூர்மலையில் தொல்பொருள் திணைக்களத்தோடு எழுந்த காணிப் பிணக்கைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தைப் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

கோயில் பரிபாலன சபைக்காரர் யாரும் வாசித்தால்: புரட்டாதிக்குள் பீலியைத் துப்பரவாக்குங்கோ. சுவரில் முளைத்த ஆலங்கன்றை இழுத்துப் பிடுங்காதேங்கோ, வேரோடு சாந்தும் வரும். வெட்டிவிட்டு வேரைப் பட்டுப்போக விடுங்கோ. கும்பாபிஷேகத்துக்காகப் பழைய மண்டபத்தை இடிக்க முடிவெடுத்தால், அதற்கு முதல் எனக்கு ஒரு படமாவது அனுப்புங்கோ. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ, வாற மாசிக்கு ஆள் தேவை.