புத்தகத்தைப் பூட்டி வைக்காமல் முத்திரை ஒட்டி அனுப்புங்கோ

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாவலைத் தபாலில் சுற்ற விட்டு வாசிக்கிறோம் என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "பிடிஎப் இருக்கே அக்கா, வட்ஸ்அப்பில போட்டு விடவா?" மற்றது, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சொல்வது: "உங்கட பக்கம் நூலகம் இல்லையோ? நாங்கள் கொஞ்சப் புத்தகம் சேர்த்து அனுப்பி விடுறம்." இரண்டும் அன்பில் சொல்கிறதுதான். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் நூலகம் இல்லாமல் இல்லை. பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன, சனசமூக நிலையங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்களில் தனி அறையே இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு சனம் மீளக்குடியேறத் தொடங்கின காலத்தில் புத்தகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இறங்கியதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் உள்ளே என்ன இருந்தது என்று. பழைய பாடத்திட்டத்து வினாவிடைத் தொகுப்புகள், யாரோ வீடு மாறும்போது கழித்து விட்ட கம்பியூட்டர் புத்தகங்கள், ஒரே ஆன்மீக நூலில் பத்துப் பன்னிரண்டு பிரதி. நல்ல நாவல்களும் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவை எங்கே போயின? கண்ணாடி போட்ட அலுமாரிக்குள் போயின. அலுமாரிக்குப் பூட்டு. திறப்பு செயலாளரிடம். செயலாளர் வயலில்.

இது ஒரு ஊரின் கதை இல்லை, நான் பார்த்த பல இடங்களில் இதுதான் நிலைமை. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். அன்றைக்கு அலுமாரி திறக்கும், பதாகை கட்டுவார்கள், பிள்ளைகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், படம் எடுத்து முடிந்ததும் திரும்ப அடுக்கிப் பூட்டி விடுவார்கள். அன்பளிப்புச் செய்தவரின் பெயர் மட்டும் அலுமாரிக்கு வெளியே பெரிய எழுத்தில் இருக்கும், அதை வாசிக்கத் திறப்புத் தேவையில்லை.

பூட்டுகிறவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 புத்தகம் போனது என்று கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். பிறகு எங்கள் வீட்டு அலுமாரிகளும் போயின. கிளிநொச்சியில் இருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக எழும்பி ஓடினபோது முதலில் இறக்கி வைத்தது புத்தகப் பெட்டியைத்தான். அரிசியா புத்தகமா என்றால் அரிசிதானே. இவ்வளவையும் இழந்தவன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அவன் பூட்டத்தான் பார்ப்பான். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் காப்பாற்றுகிற வேலை வேறு, வாசிக்கிற வேலை வேறு. காப்பாற்றுகிற வேலையை நூலக நிறுவனம் 2005 தொடக்கம் செய்து வருகிறது, ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எண்ணிம வடிவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கவலையை அவர்களிடம் விட்டுவிட்டு, கையில் இருக்கிற தாள் புத்தகத்தைக் கொஞ்சம் அழுக்காக விடலாம் என்பதுதான் என் கட்சி.

எங்கள் வட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முள்ளியவளையில் தொடங்கும். அங்கிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, அக்கராயன், தர்மபுரம், புதுக்குடியிருப்பு, கடைசியாக நெடுங்கேணி. ஆளுக்கு மூன்று கிழமை. பெயரும் விலாசமும் வரிசைப்படி எழுதின தாள் ஒன்று பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும், வாசித்து முடித்தவர் தன் பெயருக்கு நேரே திகதியைப் போட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற செலவு அனுப்புகிறவருடையது. புத்தகத்தை முதலில் ஒரு பொலித்தீன் பையில் போட்டுச் சுற்றி, அதற்கு மேலே மண்ணிறத் தாள் போட்டு, சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். பொலித்தீன் விசயத்தில் நான் கண்டிப்பு. மாரி மழையில் மாங்குளம் முல்லைத்தீவு வீதியால் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போகிற மனிசனுக்கு தன்னைக் காப்பாற்றவே பெரும்பாடு, எங்கள் நாவலையும் நனையாமல் பார் என்று அவரிடம் கேட்க முடியாது.

விலாசம் எழுதுவதே தனிக் கலை. வீட்டு இலக்கம் என்று ஒன்று இருந்தாலும் அதை யாரும் பார்ப்பதில்லை. "பிள்ளையார் கோயிலடி, வாய்க்கால் பாலத்துக்கு முன்னால்" என்று எழுதினால் நேரே போய்ச் சேரும். உப தபாலகத்தில் இருக்கிற அக்கா ஒருவர் பொதியைக் கையில் வாங்கி நிறுக்கும்போதே "இந்த முறை என்ன புத்தகம்?" என்று கேட்பார். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, "முடிஞ்சால் எனக்கும் ஒருக்காத் தாங்கோவன்" என்றார். அவருக்கு முத்திரைச் செலவில்லாமல் நேரடியாகக் கையிலேயே கொடுக்கிறோம். கணக்கில் அவர் ஒன்பதாவது ஆள், தாளில் பெயர் இல்லை.

ஏன் தபால், பஸ்ஸில் கொடுத்து விடலாமே என்று கேட்பார்கள். வன்னியில் மருந்து, மீன், கலியாணப் புடவை என்று எல்லாமே பஸ்ஸில்தான் போய் வருகிறது, உண்மை. ஆனால் பஸ்ஸில் விட்டால் வாங்குகிறவர் சந்தியில் வந்து நிற்க வேண்டும். பஸ் எப்ப வரும் என்று சாரதிக்கே தெரியாது. எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள், அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒரு நாவலுக்காக வெயிலில் தரிப்பிடத்தில் நிற்கிறாள் என்றால் அவள் வீட்டில் அடுத்த முறை விடுவார்களா? தபால் வீட்டு வாசலுக்கு வரும், கேள்வி கேட்காது.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கு 15 ரூபாவாக இருந்த முத்திரையை 50 ஆக்கினார்கள். பொதிக்கு நிறையைப் பொறுத்து இன்னும் கூட. பதிவுத் தபால் என்றால் அதற்கு மேலே. கேட்கிறபோது நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதே வருசம் எங்கள் ரூபா விழுந்த விழுகையில் இந்தியாவில் இருந்து வருகிற புத்தகத்தின் விலை என்ன ஆனது? கடைக்காரர் சொல்கிற விலையைக் கேட்டு எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். 1,500 ரூபா நாவலை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 200க்குள் வருகிறது. அதோடு ஒருமுறை தபால் செலவு. இதற்கு மேல் மலிவாக வாசிக்க வேண்டுமென்றால் களவெடுக்க வேண்டும்.

களவு என்றதும் பிடிஎப் ஞாபகம் வருகிறது. உயிரோடு இருக்கிற எழுத்தாளரின், போன வருசம் வந்த நாவலை யாரோ ஸ்கான் பண்ணிக் குழுவில் போடுகிறார்கள், கீழே முப்பது பேர் கைகூப்பிப் படம் போடுகிறார்கள். வாசித்தது எத்தனை பேர்? என் போனில் அப்படி வந்து கிடக்கிற நாவல்கள் ஏராளம், ஒன்றையும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. மூன்று கிழமையில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறபடியால்தான் தாள் புத்தகத்தை முடிக்கிறேன். அடுத்த ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது பெரிய விசயம். அவள் போன் எடுத்து "அக்கா, எந்தப் பக்கத்தில நிக்கிறியள்?" என்று கேட்டால் வெட்கமாக இருக்கும்.

இனி எழுதுகிற விசயம். எங்கள் புத்தகங்களில் பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். பேனை கூடாது. இதற்காக என்னோடு சண்டை பிடித்த நண்பர்கள் இருக்கிறார்கள், "புத்தகத்தில கிறுக்கிறது பாவம், சரஸ்வதி" என்று. சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை அடுக்கி வைத்துக் கும்பிடுகிற நாங்கள் மற்ற நாட்களில் அதைத் தொடாமல் இருப்பதை விடவா கிறுக்குவது பாவம்?

நிலக்கிளியைச் சுற்ற விட்டபோது நடந்ததைச் சொன்னால் விளங்கும். அ. பாலமனோகரனின் நாவல், 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது, கதை முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில் நடக்கிறது. எங்களில் மூத்தவர் ஒருவர் அந்தப் பக்கத்து மனிதர். 1984 கடைசியில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று அந்தப் பகுதிச் சனத்தை எழுப்பிவிட்டபோது அவரும் எழும்பி வந்தவர். வட்டத்தில் அவர் நடுவில். அவர் கையைத் தாண்டி எனக்கு வந்தபோது புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில். கதையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. "இந்த வழியால்தான் மாடு கொண்டு போறது." "இதிலை ஒரு பாலை மரம் நிண்டது, பழம் பொறுக்கினனாங்கள்." "இந்தத் துண்டுக் காணி இப்ப ஆரிட்டை எண்டு தெரியாது." ஒரு இடத்தில் எழுதி அழித்து, திரும்ப எழுதி, திரும்பவும் அழித்திருந்தார். தாள் மெலிந்து போய் அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது.

நான் அதை இரண்டு நாவலாக வாசித்தேன். அச்சில் இருந்தது ஒன்று, ஓரத்தில் இருந்தது மற்றது. எனக்குப் பிறகு வாசித்த பெட்டை, 2009க்குப் பிறகு பிறந்தவள், அவர் எழுதினதற்குக் கீழே கேள்விகள் எழுதியிருந்தாள். "பாலைப் பழம் என்ன நிறம் ஐயா?" வரிசைப்படி பார்த்தால் அந்தக் கேள்வி அவரிடம் போய்ச் சேராது. அவரிடம் திரும்ப அனுப்பச் சொல்லி நெடுங்கேணிக்காரர்தான் முதலில் சொன்னார். அனுப்பினோம். பதிலோடு வந்தது. எந்த அலுமாரியும் எந்தப் பிடிஎப்பும் இந்த வேலையைச் செய்திருக்குமா?

எல்லாம் இப்படி உருக்கமாகவே நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். வேறொரு நாவலில், மூன்றாம் அத்தியாயத்து ஓரத்திலேயே ஒருவர் "இவன் சாகப் போறான்" என்று எழுதி விட்டார். அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டினார். அதற்குப் பிறகுதான், அந்தந்தப் பக்கம் வரைக்கும் தெரிந்ததை மட்டும் எழுது என்று விதி வந்தது. இன்னொருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மூச்சு விடவில்லை. கேட்டால் அனுப்பி விட்டேன் என்றார், தபாலைக் குற்றம் சொன்னார். பிறகு அது அவர் வீட்டு நெல் மூட்டைக்கு மேலே கிடந்தது. தபாலில் ஒன்றுமே தொலையாது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் தபால் மேல் பழி போடுவது எங்கள் சனத்துக்கு மிகச் சுலபம்.

தாமதத்துக்குத் தண்டம் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன், இப்பவும் எதிர்க்கிறேன். எங்களில் ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய இருட்டோடு பஸ் ஏறினால் இரவுதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிப்பாள். அவளுக்கு ஆறு கிழமை கொடுத்திருக்கிறோம், அவளை வரிசையில் கடைசியில் போடாமல் நடுவில் வைத்திருக்கிறோம். கடைசியில் போட்டால் "நீ எப்பவாவது வாசி" என்று சொன்ன மாதிரி. காலபோக அறுவடை நேரத்திலும் கணக்கு நிற்கும். மாசி மாதத்தில் நெல்லுக் காய விட்டு மழைக்குப் பயந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் போய் நாவலைக் கேட்கிறவன் மனிசனில்லை. வேகமாக வாசிக்கிறவர்களுக்காக வட்டம் நடத்தினால் கடைசியில் ஆசிரியர்மாரும் ஓய்வூதியக்காரரும்தான் மிஞ்சுவார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் எழுதுகிற ஓரக்குறிப்பு எல்லாம் எழுத்துப்பிழை திருத்தமாகவே இருக்கும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒன்று. காசு சேர்த்து ஆயிரம் புத்தகம் அனுப்புவதற்குப் பதிலாக, நல்ல நாவல் எட்டுப் பத்தைத் தெரிந்து இங்கேயே வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வட்டத்துக்குக் கொடுங்கோ. பெயர்ப்பலகை மட்டும் கேட்காதேங்கோ. உள்ளட்டையில் பென்சிலால் எழுதுங்கோ, யாராவது அதற்குக் கீழே பதில் எழுதுவார்கள்.

எங்கள் வட்டத்தில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம், இடமில்லை. எட்டுப் பேருக்கு மூன்று மூன்று கிழமை என்றாலே அரை வருசம் கிட்ட வருகிறது, பத்தாக்கினால் முதலாவது ஆளுக்கு என்ன வாசித்தோம் என்பதே மறந்து விடும். பூநகரியில் இருக்கிறவர்கள் பூநகரியில் தொடங்குங்கோ, துணுக்காயில் இருக்கிறவர்கள் துணுக்காயில். ஒரு விலாசத் தாள், ஒரு பென்சில், ஒரு பொலித்தீன் பை போதும். முதல் புத்தகமாக எண்ணூறு பக்க நாவலை மட்டும் தெரிவு செய்யாதேங்கோ, நாங்கள் தெரிவு செய்தது அப்பிடி ஒண்டு, அது இன்னும் மல்லாவி தாண்டவில்லை.