கடைசிப் பனி எப்போது முடியும்?

மதுரையில் மாடித்தோட்ட விதைகளும் நாற்றுகளும் விற்கிற சிறிய கடை என்னுடையது. 2021இல் கடைக்கு ஓர் இணையதளம் தொடங்கினேன். அதை வடிவமைத்துக் கொடுத்தவர், 4,000 ரூபாய்க்கு அறுபது ஆயத்தக் கட்டுரைகளையும் சேர்த்துக் கொடுத்தார். தளம் வெறுமையாக இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. தலைப்புகளைப் பார்த்தேன், 'தக்காளி வளர்ப்பது எப்படி', 'பூச்சிகளை விரட்டப் பத்து வழிகள்' என்று எல்லாம் தோட்டம் பற்றியவை. தமிழும் பிழையில்லாமல் இருந்தது. அறுபதையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். ஒன்றைக்கூட முழுமையாகப் படிக்கவில்லை.

2022 வைகாசியில் விருதுநகரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. முந்தைய கார்த்திகையில் என்னிடம் தக்காளி விதை வாங்கியவர்.

"தம்பி, செடி நன்றாகத்தான் வந்தது. பூவும் வைத்தது. ஆனால் வைத்த பூவெல்லாம் கொட்டுகிறது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லையே?"

"எப்போது விதைத்தீர்கள் அம்மா?"

"பங்குனியில்."

"கார்த்திகையிலேயே வாங்கினீர்களே, ஏன் இவ்வளவு தாமதம்?"

"நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், கடைசிப் பனி முடிந்த பிறகுதான் விதைக்க வேண்டும் என்று? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே. அதனால் மாசி முடியட்டும் என்று காத்திருந்தேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தக் கட்டுரை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. அமெரிக்காவில் குளிர் மிகுந்த மாநிலங்களில் வசந்தத்தின் கடைசி உறைபனி விழுந்த பிறகே தக்காளி நாற்றை வெளியே நடுவார்கள். உறைபனி பட்டால் நாற்று கருகிவிடும். அங்கே அது சரியான அறிவுரை. தமிழில் அது 'கடைசிப் பனி' ஆகிவிட்டது. நமக்குப் பனி என்றால் மார்கழியில் கோலத்தின் மேல் இறங்கும் பனி. அந்த அம்மா தம் பழமொழியை வைத்து அந்த வாக்கியத்துக்குப் பொருள் கண்டுபிடித்தார். அவர் புரிந்துகொண்டதில் எந்தத் தவறும் இல்லை. பங்குனியில் விதைத்த செடி அக்னி நட்சத்திரத்தில் பூத்தது. அந்த வெயிலில் தக்காளிப் பூ நிற்காது, கொட்டிவிடும். கார்த்திகையிலேயே விதைத்திருந்தால் மாசியில் பழம் பறித்திருப்பார்.

அன்று இரவு உட்கார்ந்து அறுபது கட்டுரைகளையும் படித்தேன். உருளைக்கிழங்குச் செடியில் கொலராடோ வண்டைத் தேடச் சொல்கிறது ஒன்று. அந்த வண்டு இந்தியாவிலேயே இல்லை. வெண்டைச் செடியை நம் ஊரில் பாழாக்குகிற மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பற்றியோ, அதைப் பரப்பும் வெள்ளை ஈயைப் பற்றியோ அறுபதில் எங்கும் ஒரு வரி இல்லை. நிறைய வெயில் வேண்டுமானால் தொட்டியைத் தெற்கு ஜன்னலில் வையுங்கள் என்கிறது இன்னொன்று. சித்திரை பிறந்ததும் மதுரையில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆவணி வரை அப்படித்தான். அந்த மாதங்களில் இங்கே செடிக்கு வெயில் தேட வேண்டியதும் இல்லை. நிழல்வலைதான் கட்ட வேண்டும். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்ற சொற்கள் அறுபது கட்டுரைகளிலும் ஒருமுறைகூட வரவில்லை. விதைக்கடைக்காரன் தளத்தில் பட்டம் இல்லை!

கட்டுரையின் ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். வேறு மாவட்டங்களில் உரம் விற்பவர்கள், தொட்டி விற்பவர்கள் தளங்களிலும் அதே வாக்கியம், அதே கடைசிப் பனி.

இதில் திருட்டு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.எல்.ஆர். (Private Label Rights) என்ற பெயரில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒரே கட்டுரையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்பார்கள். வாங்கியவர் மாற்றலாம், தம் பெயரையே போட்டுக்கொள்ளலாம். நான் பணம் கொடுத்து வாங்கியதால் சட்டம் என்னைக் கேட்காது. அந்த அம்மா கேட்டார். என் கடையின் பெயருக்குக் கீழே இருந்ததை நான் எழுதியதாக நம்பி, ஒரு பருவத்தைத் தவறவிட்டவர் அவர்.

ஆயத்தக் கட்டுரை இணையத்தோடு வந்ததும் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பாரபூ ஊரில் கெல்லாக் என்பவர் சிறு பத்திரிகை நடத்தினார். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அச்சகத்தில் ஆள் பற்றாக்குறை. மேடிசன் நகரிலிருந்து ஒரு பக்கம் போர்ச் செய்தி அச்சிட்ட தாள்களை வரவழைத்தார். மறுபக்கத்தில் தம் ஊர்ச் செய்தியை அச்சிட்டார். பிறகு இதையே பெரிய வியாபாரமாக்கினார். அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். போர்ச் செய்தி எல்லா ஊருக்கும் பொது. ஊர்ச் செய்திக்கென்று ஒரு பக்கத்தை அவர் காலியாக வைத்திருந்தார். நான் அந்தப் பக்கத்தையும் விலைக்கு வாங்கிவிட்டேன்.

கூகுளுக்காகத்தான் இதெல்லாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011 பிப்ரவரியில் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது, அமெரிக்காவில் ஏறத்தாழ 12 விழுக்காடு தேடல்களின் முடிவுகள் மாறின. குப்பைபோலக் கட்டுரை குவித்த தளங்கள் பலவும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. தேடல் வரிசையில் மேலேறுவதற்காகவே மொத்தமாகக் கட்டுரை குவிப்பதை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், விதிமீறல் என்று 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. ஆனால் தளம் நடத்துபவருக்கு விளம்பரத்தால் வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018இல் தமிழுக்கு வந்ததிலிருந்து, நம் மொழியில் இந்தக் குவிப்பு கூடிக்கொண்டே போவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பிறர் எழுதியதைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரையை வணிகத் தளத்திலும் எடுத்தாளலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும். பொறுக்க முடியாதது வேறொன்று. யாரோ ஒரு விவசாயி தன் வயலில் கண்டதை முகநூலில் எழுதுவார். மறுநாள் அது ஒரு தளத்தில் 'நன்றி: இணையம்' என்று வந்திருக்கும். இணையம் என்று ஒருவர் இருக்கிறாரா? எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நிற்கும். ஒரு செய்தி அனுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள்.

கடைக்காரனுக்கு எழுத நேரம் எங்கே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கும் நேரம் இல்லை. அறுபதையும் நீக்கிய பிறகு இதுவரை பதினொன்றுதான் எழுதியிருக்கிறேன். கடையில் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், அவர்களுக்குச் சொன்ன பதிலை அன்றைக்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நான்கு பத்திக்கு மேல் போவதில்லை. முதலில் எழுதியது, எந்த மாதத்தில் தக்காளி விதைத்தால் எந்த மாதத்தில் பூக்கும் என்பது. விருதுநகர் அம்மாவின் அனுமதியோடு அவருக்கு நேர்ந்ததையும் அதில் சேர்த்தேன். அதற்கு அடுத்த கார்த்திகையில் அவருக்கு மறுபடியும் விதை அனுப்பினேன், பணம் வாங்கவில்லை.

விதை, உரம், நாற்று விற்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே உங்கள் தளத்தில் 'கடைசிப் பனி' என்றும் 'கொலராடோ' என்றும் தேடிப் பாருங்கள். இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆடி நெருங்குகிறது, எப்போது விதைக்கலாம் என்று மக்கள் தேடத் தொடங்கிவிட்டார்கள்.